பிஎச்.டி. நடுவில் பிள்ளை பெற்றுக்கொள்வது எப்படி

தீசிஸ் கொடுத்துவிட்டு அப்புறம் குழந்தை என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறோம். தீசிஸ் முடிந்தால் போஸ்ட்டாக் என்னும் தற்காலிக ஆய்வுப் பணி, அது முடிந்தால் வேலை தேடல், வேலை கிடைத்தால் புரொபேஷன் என்று அந்த அப்புறம் தள்ளிக்கொண்டே போகும். வசதியான நேரம் தானாக வராது. தொந்தரவு குறைவான நேரமாகப் பார்த்து நாமேதான் பிடிக்க வேண்டும்.

முதலில் உடம்புக் கணக்கு. 32 வயதுவாக்கில் கருத்தரிக்கும் வாய்ப்பு மெல்லக் குறைய ஆரம்பித்து, 37க்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. 35க்குக் கீழே என்றால் ஒரு வருடம் முயற்சித்த பிறகும், 35ஐத் தாண்டியிருந்தால் ஆறே மாதத்திலும் மருத்துவரைப் பாருங்கள். கருமுட்டையை உறைய வைத்துவிட்டால் கவலை இல்லை என்பார்கள். உறைந்ததை உருக்கும்போது எல்லாம் பிழைக்காது, பிழைத்ததெல்லாம் கருவாகவும் ஆகாது. லேபில் உறைய வைத்த செல்களை உருக்கிப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கோர்ஸ் வொர்க்கும் காம்ப்ரிஹென்சிவ் தேர்வும் முடிந்து, லேபில் நின்று செய்யும் பெஞ்ச் வேலை குறைந்து, டேட்டாவை வைத்துக்கொண்டு எழுத உட்காரும் கட்டத்தில் கடைசி மாதங்கள் வருவது போலத் திட்டமிட்டால் நல்லது. உடம்பு நம் திட்டத்தைக் கேட்கும் என்று சொல்லவில்லை, ஆனால் திட்டம் இருந்தால் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டி (டி.சி.) மீட்டிங்கில் பேச வசதியாக இருக்கும்.

பலரும் கோட்டை விடுவது ரசாயன விஷயத்தில். டெஸ்ட் பாசிட்டிவ் ஆன பிறகு லேபை மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், சிசுவின் உறுப்புகள் உருவாகத் தொடங்கும் ஆரம்ப வாரங்களில் நமக்கே விஷயம் தெரிந்திருக்காது. முயற்சி தொடங்கும்போதே ஃபார்மமைடு, எத்திடியம் புரோமைடு, ஃபீனால், குளோரோஃபார்ம் இதெல்லாம் எங்கே தொடுகிறோம் என்று ஒரு பட்டியல் போட்டு, நம்பிக்கையான லேப்மேட்டிடம் வேலையைப் பண்டமாற்று செய்துகொள்ளுங்கள். என் ஜூனியர் எனக்காக ஆர்.என்.ஏ. எடுத்தாள், அவளுடைய புள்ளியியல் முழுவதையும் நான் செய்து கொடுத்தேன். கதிரியக்கத்தோடு வேலை என்றால் கர்ப்பம் தெரிந்தவுடன் எழுத்தில் தெரிவியுங்கள். அதன்பின் பிரசவம் வரை சிசுவுக்குக் கதிர்வீச்சு அளவு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது. கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட், மறக்க வேண்டாம்.

அடுத்து காகிதம். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி, பிஎச்.டி. காலத்தில் பெண்களுக்கு 240 நாள்கள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு. என் கைடு "மூணு மாசம் போதாதாம்மா?" என்று அன்பாகத்தான் கேட்டார், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தவறைச் செய்யாதீர்கள். பேசி முடித்த அன்றே, பேசியதை அப்படியே மெயிலில் எழுதி அகாடமிக் செக்‌ஷனுக்கும் ஒரு பிரதி போடுங்கள். சம்பள வேலையில் இருந்தால் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், ஆனால் முந்தைய 12 மாதத்தில் அங்கே 80 நாள்களாவது வேலை செய்திருக்க வேண்டும். புது இடத்தில் சேரும் முன் நாள் எண்ணிக்கொள்ளுங்கள். புராஜெக்ட் வேலை என்றால், விடுப்பின் நடுவில் புராஜெக்ட் முடிந்தால் என்ன ஆகும் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். இடைவெளி நீண்டுவிட்டால் மத்திய அரசின் வைஸ்-கிரண், உயிரித்தொழில்நுட்பத் துறையின் பயோகேர் போன்ற, பெண்கள் ஆய்வுக்குத் திரும்ப உதவும் திட்டங்கள் இருக்கின்றன.

வீட்டில் யார் பார்ப்பது? மேரி க்யூரி ரேடியத்தின் பின்னால் அலைந்தபோது மகள் ஐரீனைப் பார்த்துக்கொண்டது மாமனார். நம் வீட்டில் மாமனாரைக் கேட்டுப் பாருங்கள், நான் கேட்டேன், பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாக்கிங் போய்விட்டார். கணவரோடு இரவு முறை யாருக்கு எந்த நாள் என்று எழுதி ஒட்டிவிடுவதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது.

லேபுக்குத் திரும்பிய பிறகு பால் எடுக்கப் பூட்டுள்ள அறை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எடுத்த பாலை லேப் ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், அது நான்கு டிகிரியாகவே இருந்தாலும், பக்கத்தில் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். கேன்டீன் ஃபிரிட்ஜில் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள், நான்கு நாள் தாங்கும்.