ராக்கெட்டில் ஜிபிஎஸ் டிராக்கர்: காப்பதிலும் பழுது பார்ப்பதிலும் நடக்கும் தவறுகள்

மாடல் ராக்கெட் எங்கே விழுந்தது என்று ரேடியோ வழியாகச் சொல்வதுதான் டிராக்கர். அதன் உண்மையான வேலை ராக்கெட் தரைக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. வானத்தில் இருக்கும்வரை சிக்னலை மறிக்க எதுவும் இல்லை. புல்லுக்குள் விழுந்து கிடக்கும்போது வீச்சு பல மடங்கு குறைந்துவிடும். ஆனால் பலரும் மேசைமேல் நிமிர்த்தி வைத்துச் சோதித்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். மூக்குக்கூம்புக்குள் வைத்து மூடி, மண்ணில் படுக்கப் போட்டு, ரிசீவரோடு நடந்து பார்க்க வேண்டும். அந்தத் தூரம்தான் கணக்கு.

கார்பன் ஃபைபர் கூம்பு ரேடியோ அலையைத் தடுக்கும். உலோகத் துகள் கலந்த பெயின்டும் சிக்னலைக் கெடுக்கலாம். ஃபைபர்கிளாஸ், பிளாஸ்டிக், அட்டை ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. கூம்பு சரியாக இருந்தாலும், நடுவே ஓடும் இரும்புத் திருகுக் கம்பியை ஒட்டி ஆன்டெனாவை வைத்தால் எல்லாம் வீண். கால் அலைநீள ஆன்டெனா 433 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 17.3 செ.மீ., 868-க்கு 8.6, 915-க்கு 8.2. இடம் போதவில்லை என்று அதை மடித்துச் சுருட்டாதீர்கள். ஆன்டெனா மாட்டாமல் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்வதும் ஆபத்து. வெளியேற வழியில்லாத சக்தி திரும்பி வந்து பவர் ஆம்ப்ளிஃபையரைக் கெடுத்துவிடக்கூடும்.

அதிகம் காலை வாருவது பேட்டரிதான். 20 கிராம் பேட்டரி, ராக்கெட் 20 ஜி (புவியீர்ப்பைப் போல 20 மடங்கு) வேகமெடுக்கும்போது 400 கிராம் எடையாக அழுத்தும். பாராசூட் விரியும்போது கயிறு வேறு திசையில் வெடுக்கென்று இழுக்கும். இரட்டைப் பக்க டேப் மட்டும் இதற்குத் தாங்காது. பேட்டரிக்கு மேலும் கீழும் தடுப்பு வேண்டும், சுற்றிலும் ஃபோம் வேண்டும். கேபிள் டையை நேராக பேட்டரியின் வயிற்றில் இறுக்கினால் உள்ளே நசுங்கும். நடுவில் ஒரு தகடு வையுங்கள். பேட்டரி ஒயரைப் போர்டில் மாட்டும் சிறிய ஜேஎஸ்டி பிளக் உராய்வால் மட்டுமே நிற்கிறது. கண நேரம் நழுவினாலும் டிராக்கர் ரீஸ்டார்ட் ஆகி, செயற்கைக்கோள்களை மறுபடி தேடத் தொடங்கும். ஒயரைப் பிளக்கை ஒட்டியே போர்டோடு கட்டிவிட்டால் இழுவை பிளக்கில் விழாது. ஸ்லைடு சுவிட்ச் ராக்கெட் பறக்கும் திசையிலேயே நகர்வதாக இருந்தால் தானாக ஆஃப் ஆகலாம். குறுக்காக வையுங்கள், அல்லது திருகு சுவிட்சுக்கு மாறுங்கள். அதுவே மேல்.

பாராசூட்டை வெளியே தள்ளும் கரிமருந்தின் புகைப்படிவு ஈரத்தோடு சேர்ந்தால் செம்பை அரிக்கும். டிராக்கர் அறைக்குள் வரும் ஒயர் ஓட்டைகளை அடைத்துவிட்டு, ஒவ்வொரு முறை பறந்த பிறகும் போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சிலிகான் பூச்சு பூசலாம். ஆனால் கனெக்டர்கள், காற்றழுத்தத்தை அளக்கும் பேரோமீட்டரின் சிறு துளை, ஜிபிஎஸ் பீங்கான் ஆன்டெனா மூன்றையும் முதலில் டேப்பால் மறைக்க வேண்டும். ஆன்டெனாவின் மேல் கனமாகப் படிந்தால் அதன் அதிர்வெண் நகர்ந்துவிடும்.

தண்ணீரில் விழுந்ததை எடுத்ததும் எல்லாருக்கும் கை பரபரக்கும்: ஆன் செய்து பார்ப்போமே என்று. அதுதான் போர்டைக் கொல்லும். மின்சாரம் ஓடும்போது உப்புநீர் செம்புத் தடங்களை வேகமாகத் தின்றுவிடும். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். காய்ச்சி வடித்த நீரில் அலசி, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹாலில் மென்மையான பிரஷால் தேய்த்து, ஒரு நாளாவது காற்றோட்டத்தில் காயவிடுங்கள். உலோக மூடிகளுக்கு அடியில் நீர் தங்கும் என்பதால் அவசரம் கூடாது. அரிசிக்குள் புதைப்பது உப்பை எடுக்காது. நனைந்த அல்லது வீங்கிய லித்தியம் பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே வேண்டாம்.

மோதி விழுந்ததைப் பழுது பார்க்கும்போதும் பேட்டரியை உடனே மாட்டக் கூடாது. மல்டிமீட்டரால் பவர் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட் என்று பொருள்; பெரும்பாலும் விரிசல் விட்ட பீங்கான் கெபாசிட்டர்தான் காரணம்; திருகுத் துளைகள், போர்டின் ஓரங்கள் அருகே முதலில் தேடுங்கள். ஷார்ட் இல்லையென்றால், மின்னோட்ட வரம்பு வைத்த பவர் சப்ளையில் 3.7 வோல்ட் கொடுத்து, மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரில் 3.3 வோல்ட் வருகிறதா பாருங்கள்.

எல்லா செயற்கைக்கோளும் பலவீனமாகவே தெரிந்தால், பீங்கான் ஆன்டெனாவோ அதன் ஊசியின் சால்டரோ உடைந்திருக்கும். ஆன்டெனா ஒயரைப் போர்டில் மாட்டும் சிறிய யு.எஃப்.எல் கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். அது சுமார் 30 முறை மாட்டிக் கழற்றத்தான் செய்யப்பட்டது. அதை அசையாமல் பிடிக்க ஒரு துளி ஹாட் குளூ போதும். சூப்பர் குளூ வேண்டாம்: கெட்டியாகி விரிசல் விடும், பிறகு பிரிக்கவும் வராது. ஹாட் குளூவோ, ஓரத்தில் ஆல்கஹால் விட்டால் தானாக விட்டுக்கொடுக்கும்.

பவர் சரியாக வந்தும் ரேடியோ தொகுதி பேசவே இல்லை என்றால் அதிர்வெண்ணைத் தரும் கிரிஸ்டல் உடைந்திருக்கலாம். மூடிக்கு அடியில் இருக்கும் அந்தப் பொடி உருப்படியைத் தனியாக மாற்ற மெனக்கெடாமல், தொகுதியையே மாற்றிவிடுங்கள்.