செயற்கைச் சிறுநீரகச் செய்தியைப் படித்தபின் செய்ய வேண்டியவை

செயற்கைச் சிறுநீரகம் வந்துவிட்டது என்று கைப்பேசியில் சுற்றிவரும் செய்தியை நம்பி, ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்கும் டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்க மருத்துவர் சொன்ன ஃபிஸ்டுலா அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட நினைப்பவர்கள் மதுரை வட்டாரத்தில் குறைவில்லை. தள்ளிப்போடக் கூடாது. புதிய தொழில்நுட்பம் எது வந்தாலும், அதை ஏற்கும் நிலையில் உடம்பு இருக்க வேண்டும். அதற்கான ஏற்பாடுகளை இன்றே தொடங்க முடியும்.

முதலில் செய்தியைச் சலித்துப் பார்க்க வேண்டும். கருவி உடம்புக்குள் வைப்பதா, வெளியே இயங்குவதா, அது மனிதரிடம் எவ்வளவு காலம் சோதிக்கப்பட்டது என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். 1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் உருவாக்கிய சுழலும் உருளைக்கும் செயற்கைச் சிறுநீரகம் என்றே பெயர். இன்றைய டயாலிசிஸ் இயந்திரம் அதன் வழித்தோன்றல்தான். கலிபோர்னியாவில் ஷுவோ ராய் குழுவினர் உருவாக்கிவரும் கருவி, நுண்துளைச் சிலிக்கான் வடிகட்டியையும் உயிருள்ள சிறுநீரகச் செல்களையும் சேர்த்து உடம்புக்குள் வைப்பதற்கானது. அதன் செல் பகுதி பன்றிகளிடம் ஒரு வாரம் இயங்கியதாக 2023-இல் முடிவு வெளியானது. இடுப்பில் அணியும் கருவியை அமெரிக்காவில் ஒரு சில நோயாளிகளிடம் அதிகபட்சம் 24 மணி நேரம் சோதித்தபோது, கருவிக் கோளாறுகளால் சோதனை நிறுத்தப்பட்டது. மரபணு திருத்திய பன்றிச் சிறுநீரகம் 2024 மார்ச்சில் பாஸ்டனில் உயிருடனிருந்த நோயாளி ஒருவருக்கு முதன்முறையாகப் பொருத்தப்பட்டது. அவர் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் இறந்தார், அந்த உறுப்பே காரணம் என்பதற்கு அறிகுறியில்லை என்று மருத்துவமனை கூறியது. நம்பிக்கை தரும் செய்திகள்தாம். ஆனால் அடுத்த மாதச் சிகிச்சையை இவற்றை வைத்துத் திட்டமிட முடியாது.

ஆரவாரமில்லாமல் ஏற்கெனவே வந்துவிட்ட புதுமையும் உண்டு. சர்க்கரை நோய்க்காக வந்த டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை, சிறுநீரகம் கெடும் வேகத்தையும் குறைக்கிறது. இந்தியாவில் 2020-இல் காப்புரிமை முடிந்தபின் விலையும் இறங்கியது. தனக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தொடக்கத்தில், பேச்சுவழக்கில் 'உப்பு' எனப்படும் கிரியேட்டினின் என்ற ரத்தக் கழிவு சற்றே ஏறக்கூடும் என்பதால், 'உப்பு கூடிவிட்டது' என்று பயந்து தாமாகவே நிறுத்தக் கூடாது.

அடுத்தது ஃபிஸ்டுலா போடவேண்டிய கை. எழுதாத கையில், பெரும்பாலும் இடக்கையில், ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ குளுக்கோஸ் ஏற்றவோ விடக் கூடாது. காய்ச்சலுக்குப் போன சிறு மருத்துவமனையில் கூச்சப்படாமல் இதைச் சொல்லிவிட வேண்டும். தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா முதிர ஆறு வாரமோ அதற்கு மேலுமோ ஆகும். காத்திருந்து மூச்சுத்திணறலோடு போனால் கழுத்தில் குழாய் போட வேண்டிவரும். அதில் தொற்று அபாயம் அதிகம். ஃபிஸ்டுலா போட்டபின் அந்தக் கையில் அதிர்வு இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை டயாலிசிஸுக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. தவிர்க்க முடிந்த ரத்த ஏற்றத்தையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அது எதிர்ப்பொருள்களைத் தூண்டிப் பிற்கால உறுப்பு மாற்றுக்குப் பொருத்தம் கிடைப்பதைக் கடினமாக்கும்.

எந்த டயாலிசிஸ் என்பதைத் தூரத்தை வைத்தும் முடிவு செய்யலாம். இயந்திர டயாலிசிஸுக்கு வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் வேண்டும். திருமங்கலத்துக்கு அப்பாலுள்ள கிராமத்திலிருந்து அரசு இராசாசி மருத்துவமனைக்கு வந்துபோக, கூட வருபவரின் கூலியும் போகும். வயிற்றுக்குள் திரவம் ஏற்றி இறக்கும் சி.ஏ.பி.டி. முறையை வீட்டிலேயே, சுத்தமான தனியிடத்தில், நாளுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம்; 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டிற்கே வழங்கும் ஏற்பாடும் இருக்கிறது. கைகழுவுவதில் சலிப்புள்ளவருக்கு இது ஆகாது. வெளிவரும் திரவம் கலங்கினாலோ வயிறு வலித்தாலோ அது தொற்றாக இருக்கக்கூடும். அந்தப் பையோடு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் சர்க்கரை நோயாளிகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், குடும்ப அட்டையோடும் வருமானச் சான்றோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

உணவில் எச்சரிக்கை வேண்டியது மதுரை வெயிலில்தான். இயந்திர டயாலிசிஸ் செய்பவருக்கு இளநீரின் பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைக்கக்கூடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பந்தல்தோறும் தரும் பானகமும் நீர்மோரும், மருத்துவர் அளந்து சொன்ன அன்றைய நீர்க் கணக்கில் சேரும்.

தகுதியுள்ளவர்கள், டயாலிசிஸ் நடக்கும்போதே, மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். பதிந்த கைப்பேசி எண்ணை மாற்றினால் அதை மறுநாளே தெரிவித்துவிட வேண்டும், ஏனெனில் உறுப்பு கிடைத்தால் அழைப்பு எந்த நேரத்திலும் வரலாம்.