அம்மாவோட வாழ்க்கையை எழுதி வைக்கிறது எப்படி ("அன்பானவர்"னு மட்டும் எழுதாம)

அம்மா போன மறுநாள் ரெண்டு வரி எழுதிக் குடுன்னு கேட்டாங்க, நானும் அன்பான மனைவி, பாசமான தாய்னு எழுதிக் குடுத்துட்டேன், அப்புறம் படிச்சுப் பாத்தா அது யாரோட அம்மாவுக்கும் பொருந்தும், எங்கம்மா அதுல இல்லவே இல்ல.

ஆள் இருக்கும்போதே ஆரம்பிச்சிருங்க. "உங்க வாழ்க்கைய பத்தி சொல்லுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க, "என்ன இருக்கு, சமைச்சேன், புள்ளைங்கள வளத்தேன்"னு ஒரே வரியில முடிச்சிருவாங்க. நேரத்த வச்சு கேளுங்க. காலையில முழிச்சதும் மொத வேலை என்ன, எல்லாரும் சாப்பிட்டப்புறம் நீங்க எத்தனை மணிக்கு சாப்பிட்டீங்க, உங்களுக்குன்னு காசு கையில எப்ப இருந்துச்சு, இப்படி. வயசானவங்களுக்கு 10லேருந்து 30 வயசுக்குள்ள நடந்தது மத்ததவிட நல்லா ஞாபகம் இருக்கும், அதனால கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து தொடங்குங்க. அவங்கள பேர் சொல்லிக் கூப்பிட்டவங்க யாரெல்லாம்னு கேளுங்க, நான் கேக்காம விட்டது அது.

பேட்டி மாதிரி எதுக்க உக்கார வச்சா வாய் திறக்காது. துணி மடிக்கும்போது கூட உக்காந்து, அவங்ககிட்ட சொல்லிட்டு போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணுங்க, ஃபேன மட்டும் நிறுத்திருங்க, இல்லன்னா அந்த சத்தம்தான் கேக்கும். ஒரு தடவைக்கு 20 நிமிஷம் போதும். வேணாம்பான்னு சொன்னா விட்டுருங்க.

ஒருத்தர வச்சுப் பாத்துக்கிட்ட காலம்தான் ரொம்ப முக்கியம், அத யாரும் வேலைன்னு கணக்குல எடுக்கறதே இல்ல. எங்க தாத்தா படுக்கையில விழுந்தப்போ அம்மா ஒரு பழைய நோட்டுல மாத்திரை நேரம் எழுதி வச்சிருந்தாங்க. அதுல ஒரு பக்கம்: "ராத்திரி 12.05 வலது பக்கம். 2.10 இடது பக்கம். 4.15 வலது, தண்ணி கேட்டார்." படுக்கைப் புண் வராம இருக்க சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும்ல, அந்த நேரம். பக்கத்த புரட்டப் புரட்ட இதேதான், அதாவது அவங்க சேந்தாப்ல 2 மணி நேரம் தூங்கினதே இல்ல, நான் பக்கத்து ரூம்லதான் தூங்கிட்டு இருந்தேன். உங்க வீட்லயும் நோட்டு, காலண்டர் கிறுக்கல், சீட்டுக் கணக்கு எதாவது கிடக்கும், தூக்கிப் போட்றாதீங்க. வழவழன்னு இருக்கிற ரசீது, ஈசிஜி தாளெல்லாம் வெளுத்துப்போயிரும், உடனே போட்டோ எடுத்துக்கோங்க.

பழைய போட்டோவுக்குப் பின்னாடி பேனாவால எழுதாதீங்க, மை ஊறிரும், பென்சிலால ஓரத்துல லேசா எழுதுங்க. சின்ன போட்டோவ 600 டிபிஐல (ஸ்கேன் எவ்வளவு தெளிவா இருக்கணும்கிற அளவு) ஸ்கேன் பண்ணுங்க. வாட்ஸப்ல அனுப்புறதா இருந்தா டாக்குமெண்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்புனா தரம் கொறஞ்சிரும். மூணு காப்பி வைங்க, ஒண்ணு வேற வீட்ல இருக்கட்டும்.

எழுதும்போது அவங்க கோவத்தையும் எழுதுங்க. எங்கம்மா கோவம் வந்தா பேசமாட்டாங்க, பாத்திரம்தான் பேசும். அது இல்லாம எழுதினா நாங்களே நம்பமாட்டோம். அண்ணன் ஒண்ணு சொல்லுவான், தங்கச்சி வேற சொல்லுவா, ரெண்டையும் யார் சொன்னாங்கன்னு பேரோட எழுதிருங்க, சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்.