வீட்டிலேயே ஓட்ஸ் பால்: வழவழப்பு இல்லாமல் எடுக்க, சரியான இடத்தில் பயன்படுத்த

மாட்டுப் பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறது, கடமுடா என்கிறது என்பவர்கள் பலர். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததுதான் பெரும்பாலும் காரணம். ஓட்ஸ் பாலில் லாக்டோஸ் கிடையாது. கடையில் பெட்டியில் வரும் ஓட்ஸ் பாலின் விலை அதிகம். வீட்டில் எடுக்க ஓட்ஸும் தண்ணீரும் மிக்ஸியும் போதும். ஆனால் புதிதாக எடுக்கிறவர்கள் பலரும் “கஞ்சித் தண்ணி மாதிரி வழவழன்னு இருக்கு” என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்த வழவழப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தேவையானவை

ரோல்டு ஓட்ஸ் அரை கப் (சுமார் 40 கிராம்), ஃபிரிட்ஜில் வைத்த குளிர்ந்த தண்ணீர் 2 கப், ஒரு சிட்டிகை உப்பு, வடிகட்ட மெல்லிய பருத்தித் துணி. இனிப்பு வேண்டுமென்றால் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் ஒன்று. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வேண்டாம். மெல்லிசாக இருப்பதால் சட்டென்று குழைந்துவிடும். மசாலா ஓட்ஸ் சரிப்படாது.

படி 1: அலசுதல்

ஓட்ஸைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு தடவை அலசி உடனே வடித்துவிடுங்கள். ஊறவைக்கத் தேவையில்லை.

படி 2: அரைத்தல்

இதுதான் முக்கியமான இடம். ஓட்ஸ், தண்ணீர், உப்பு எல்லாவற்றையும் ஜாரில் போட்டு, விட்டுவிட்டு 20 முதல் 30 விநாடி மட்டும் அரையுங்கள். ஓட்ஸில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்தும் இருக்கிறது. அரைக்க அரைக்க இவை இரண்டும் அதிகமாகத் தண்ணீரில் இறங்கும், ஜாரும் சூடாகும். சூடு ஏறினால் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சிக் கெட்டிப்படத் தொடங்கும். அதனால்தான் குளிர்ந்த தண்ணீர். கோடையில் நாலைந்து ஐஸ் கட்டிகளையும் சேர்த்துவிடுங்கள்.

படி 3: வடிகட்டுதல்

துணியில் ஊற்றித் தானாக வடிய விடுங்கள். தேங்காய்ப் பால் பிழிந்து பழகிய கை தன்னாலே துணியை முறுக்கப் பார்க்கும். முறுக்கக் கூடாது, பிழிந்தால் வழவழப்பு முழுவதும் பாலுக்குள் வந்துவிடும். தேவைப்பட்டால் இன்னொரு தடவை வடிகட்டலாம். மிஞ்சிய திப்பியை அன்றைக்கே அடை மாவிலோ சப்பாத்தி மாவிலோ சேர்த்துவிடுங்கள்.

படி 4: எடுத்துவைத்தல்

மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும். அடியில் படிவது இயல்பு, குலுக்கிக்கொள்ளுங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

எதில் சேர்க்கலாம்?

மாட்டுப் பாலைப் போலப் பொங்கப் பொங்கக் காய்ச்சினால் இது கூழாகிவிடும். காபிக்கு டிகாக்‌ஷனைச் சூடாக வைத்துக்கொண்டு, ஓட்ஸ் பாலை மிதமான தீயில் வெதுவெதுப்பாக்கிக் கலந்தால் போதும். டீக்குத் தூளையும் இஞ்சியையும் தண்ணீரிலேயே கொதிக்கவைத்து வடிகட்டி, கடைசியில் பாலைச் சேருங்கள். கெட்டிப்படும் குணமே நல்லதாக அமையும் இடங்களும் உண்டு: கேழ்வரகுக் கஞ்சி, காய்கறி சூப். வாழைப்பழத்தோடு அடித்துக் குடிக்கவும் நன்றாக இருக்கும். உறை ஊற்றினால் மட்டும் தயிராக உறையாது. தயிர் கட்டுவதற்கான பால் புரதம் இதில் இல்லை.

சத்து எவ்வளவு?

மாட்டுப் பால் ஒரு கப்பில் (240 மி.லி.) சுமார் 8 கிராம் புரதமும் 300 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கால்சியமும் இருக்கும். நாம் போட்ட 40 கிராம் ஓட்ஸில் இருக்கும் புரதமே 5 கிராம் அளவுதான். அதில் ஒரு பங்கு திப்பியோடு போக, மீதி கிட்டத்தட்ட இரண்டு கப்புக்குப் பிரிகிறது. கால்சியம் மிகச் சொற்பம், வைட்டமின் பி12 அறவே இல்லை. ஆகவே வீட்டு ஓட்ஸ் பாலைக் குடிக்கிறவர்கள் முட்டை, மீன், பயறு, கேழ்வரகு, கீரை என்று வேறு வழியில் ஈடுகட்டியே ஆக வேண்டும். பால், முட்டை, மீன், இறைச்சி எதுவுமே சாப்பிடாதவர்கள் பி12 மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ ஃபார்முலாவுக்கோ பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது.

கொலஸ்ட்ராலுக்காகக் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதைக் குறைக்க உதவுவது பீட்டா குளுக்கான். நாளுக்கு 3 கிராமாவது வேண்டும். வடிகட்டும்போது அதில் ஒரு பகுதி போய்விடுகிறது. அதற்கு ஓட்ஸைக் கஞ்சியாகவே சாப்பிடுவது மேல்.

கடையில் வாங்கினால்

1990களில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்டு ஓஸ்டே உருவாக்கிய முறையில், என்சைம் (நொதி) சேர்த்து மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக உடைப்பார்கள். இன்று கடைக்கு வரும் பெரும்பாலான ஓட்ஸ் பாலுக்கு அடிப்படை இதுதான். முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி லேசாக இனிப்பதும் என்சைமின் இதே வேலையால்தான். எனவே “சர்க்கரை சேர்க்கவில்லை” என்று போட்டிருந்தாலும், சர்க்கரை நோய் உள்ளவர்கள் லேபிளில் மொத்தச் சர்க்கரை அளவைப் பாருங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற குறிப்பு உள்ளதையே எடுங்கள். ஓட்ஸில் கோதுமை கலந்துவர வாய்ப்பு அதிகம். கால்சியமும் பி12-ம் சேர்த்த வகையாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். சேர்த்த கால்சியம் பெட்டியின் அடியில் படிந்துவிடும்.