பள்ளி வெப்சைட்டை ஒரு தடவை காதால் படித்துப் பாருங்கள்

காரைக்குடியில் ஒரு பள்ளிக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். முகப்பைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் மாதிரி பூப்போட்ட பார்டர், மேலே பள்ளிக் கட்டடம், எனக்கே கொஞ்சம் பெருமைதான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆறாம் வகுப்புப் பையனின் அப்பா போன் செய்தார். அவருக்குப் பார்வை இல்லை. "தம்பி, லீவு என்னைக்குன்னு பார்க்கப் போனேன், என் போன் 'இமேஜ், இமேஜ்'னு மட்டும்தான் சொல்லுது."

அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். கோடிங் தெரியாத ஆசிரியர்களும் செய்யலாம்.

முதலில் ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், அக்சஸிபிலிட்டியில் டாக்பேக்கை, அதாவது திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் வாசிப்பானை, ஆன் செய்யுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: அது ஆன் ஆனதும் ஒரு தட்டு தட்டினால் வாசிக்கும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும். இது தெரியாமல் அணைக்க வழி புரியாமல் கால் மணி நேரம் முழித்தேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பள்ளித் தளத்தில் விடுமுறை அறிவிப்பைத் தேடுங்கள். கம்ப்யூட்டர் என்றால் என்விடிஏ என்ற வாசிப்பான் இருக்கிறது, விண்டோஸில் இலவசம்.

அடுத்தது சுற்றறிக்கை. பாதிச் சிக்கல் இங்கேதான். தலைமையாசிரியர் கையெழுத்தும் சீலும் தெரிய வேண்டும் என்று தாளை ஸ்கேன் செய்து போடுகிறோம், அது வெறும் படம், வாசிப்பானுக்கு அதில் ஒரு எழுத்தும் கிடையாது. இன்னொரு வகை, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பிடிஎஃப். பாமினியில் 'அம்மா' என்பது கண்ணுக்குத்தான் அம்மா, உள்ளே கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். பாவம், போன் அதைத்தான் வாசிக்கும். எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடில் அடியுங்கள், பழைய பாமினி கோப்புகளை மாற்ற இணையத்தில் கன்வெர்ட்டர் நிறையக் கிடைக்கிறது. ஸ்கேன் மட்டும்தான் இருக்கிறதா? கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாகவே எடுத்துக் கொடுத்துவிடும். ஆனால் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் போடாதீர்கள், எனக்கு 13ஆம் தேதி 18 ஆகிப்போனது. சீல் வைத்த தாளும் இருக்கட்டும், அதற்கு மேலே அதே செய்தியை எழுத்தாகப் போட்டுவிடுங்கள், யாருக்கும் வருத்தமில்லை.

படங்கள். படம் ஏற்றும்போது, படத்துக்குப் பதில் வாசிப்பான் படிக்கும் வரியை எழுத ஆல்ட் டெக்ஸ்ட் என்று ஒரு பெட்டி வரும், எல்லோரும் தாண்டிப் போகும் பெட்டி. 'போட்டோ 1' என்று எழுதினால் எழுதாததுக்குச் சமம். 'பொங்கல் விழாவில் மாணவிகள் முற்றத்தில் கோலம் போடுகிறார்கள்' என்று, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். அழகுக்குப் போட்ட பூ பார்டருக்கு ஒன்றும் எழுத வேண்டாம், அந்தப் பெட்டியைக் காலியாக விட்டால் போதும். என் பார்டருக்கும் அப்படித்தான் செய்தேன்.

நிறம். இது பார்வை உள்ளவர்களுக்கும்தான். கண்புரை உள்ள ஆச்சி ஒருவர் பேரனின் ரிசல்ட்டைப் போனில் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பயன்படுத்தும்படி வெப்சைட் அமைக்க உலக அளவில் பின்பற்றும் டபிள்யூசிஏஜி விதிப்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். வெள்ளையில் பளிச் மஞ்சள் 1.07தான் வரும், அதாவது எழுதாத மாதிரி. 'சிவப்பில் உள்ளவர்கள் ஃபீஸ் கட்டவில்லை' என்று நிறத்தை மட்டும் நம்பியும் எழுதாதீர்கள், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பெற்றோர் இருப்பார்கள். (ஃபீஸ் பட்டியலையே வெப்சைட்டில் போடக்கூடாது என்பது வேறு கதை.)

கடைசியாக மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் பட்டனை மட்டும் அழுத்தி அட்மிஷன் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்று கட்டம் கட்டிக் காட்ட வேண்டும், சில தீம்கள் (வெப்சைட்டின் ரெடிமேட் வடிவமைப்புகள்) அந்தக் கட்டத்தை அசிங்கம் என்று மறைத்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் 'மாணவர் பெயர்', 'பிறந்த தேதி' என்று வெளியே லேபிள் வேண்டும், பெட்டிக்குள் மங்கலாக எழுதியது டைப் செய்யத் தொடங்கியதும் காணாமல் போய்விடும். அனுப்பும் பட்டன் வரைக்கும் மவுஸைத் தொடாமல் போய்ச் சேர்ந்தீர்களா, அப்போது படிவம் சரி.