காவிரியின் திமில் மகசீர்: காப்பாற்றக் கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்று மீன் அழிகிறது என்றதும் பலர் முதலில் செய்வது, எங்கிருந்தாவது குஞ்சு வாங்கி வந்து ஆற்றில் விடுவதுதான். தயவுசெய்து அதை முதல் வேலையாக வைக்காதீர்கள். மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் 1970களிலிருந்து செயற்கையாகப் பொரிக்கப்பட்ட நீலத் துடுப்பு மகசீர் என்ற பெரிய ஆற்று மீன், நல்ல எண்ணத்தோடுதான் காவிரியிலும் விடப்பட்டது. ஆனால் காவிரிக்கே உரிய திமில் மகசீர் வேறு. அதற்குத் துடுப்பு ஆரஞ்சு நிறம், தலையை ஒட்டியே முதுகு திமில் மாதிரி எழும்பும், 50 கிலோவைத் தாண்டியும் வளரும். 1946-ல் காவிரியின் துணையாறான கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ! மீனைத் தூண்டிலில் பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விடும் தூண்டில் முகாம் ஒன்று காவிரிக் கரையில் இருந்தது; அதில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த கணக்கைப் பார்த்தால், நீலத் துடுப்பு பெருகப் பெருக திமில் மகசீர் அரிதாகிக்கொண்டே போனது தெரிகிறது.

எனக்கு மனசு ஆறாத விஷயம் என்னவென்றால், அந்தக் காலம் முழுக்க இந்த மீனின் சரியான அறிவியல் பெயர் என்ன என்பதே முடிவாகவில்லை. கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த மீன்களை வைத்து 2007-ல் விவரிக்கப்பட்ட 'டோர் ரெமாதேவி'யும் இதுவும் ஒன்றே என்று 2018-ல்தான் உறுதியானது. அதே ஆண்டு அது, அழிவை நோக்கிப் போகும் உயிரினங்களைப் பட்டியலிடும் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனமாக ஏறியது. ஆகவே எந்த மீனைக் காப்பாற்றப் போகிறோம் என்பதை மரபணுச் சோதனை வரை போய்ச் சரிபார்த்துவிட்டு அப்புறம் திட்டம் போடுங்கள்.

அடுத்த தவறு, வரைபடத்தில் நம் மாநிலத்தை மட்டும் வெட்டியெடுத்து வைத்துக்கொள்வது. பாம்பாறு கேரளத்தில் ஓடி அமராவதியாகத் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. மோயாறு முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே எல்லைக்கோடாக ஓடி பவானிசாகரில் சேர்கிறது. மழைக்காலத்தில் மகசீர் கூழாங்கல் படுகை தேடி மேலேறிப் போய் முட்டையிடும். கீழே ஒரு மடுவை மட்டும் காவல் காத்துவிட்டு, மேலே மணல் அள்ளுவதையும் தடுப்பணை கட்டுவதையும் விட்டுவிட்டால் என்ன பயன்?

கூட்டு என்று சொல்லிவிட்டு வனத்துறையையும் இரண்டு ஆய்வாளர்களையும் மட்டும் கூப்பிடுவதும் சரியில்லை. அணையில் தண்ணீரைத் திறப்பதும் நிறுத்துவதும் அவர்கள் கையில் இல்லை. மின்தேவை கூடும் நேரத்தில் சட்டென்று திறந்து, அப்புறம் சட்டென்று நிறுத்தினால் ஓரத்துக் கற்களிடையே இருக்கும் முட்டை காய்ந்துபோகும், ஆகவே மின்வாரியமும் நீர்வளத்துறையும் முதல் கூட்டத்திலேயே உட்கார வேண்டும். நீர்த்தேக்கங்களில் கட்லா, ரோகு குஞ்சுகளை விடும் மீன்வளத்துறையும் வேண்டும். ஒருபக்கம் காப்புத் திட்டம், இன்னொருபக்கம் கங்கைச் சமவெளி மீனை இங்கே கொண்டுவந்து விடுவது என்று ஒரே ஆற்றில் இரண்டும் நடந்துகொண்டிருக்கக் கூடாது.

கரையில் இருக்கிறவர்களை மறந்துவிடாதீர்கள். எந்த மடுவில் பெரிய மீன் நிற்கும், யார் வெடி போடுகிறார்கள் என்பது பரிசல்காரருக்கும் வலை வீசுகிறவருக்கும் தெரியும். தூண்டில் முகாம்களில் காவலுக்கு இருந்தவர்களில் முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களும் உண்டு. தூண்டில் போடத் தடை வந்து முகாம்கள் மூடியபோது அந்தக் காவலும் போனது, பிடித்த மீனை எடைபோட்டு எழுதி ஆற்றிலேயே விட்டுவந்த கணக்கும் போனது. புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் ஒன்றை மூடும் முன்னால், அதற்குப் பதிலாக அந்தக் கரையில் யார் நிற்கப்போகிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதைப் பெயர் போட்டு எழுதிவையுங்கள்.