பழைய ஜீப்ல ஸ்பீடு மீட்டர் முள்ளு ஏறலையா? மீட்டர் வாங்குறதுக்கு முன்னாடி கேபிள பாருங்க

பினாங்கு தீவுல பாலிக் புலாவ் பக்கம் டுரியான் தோட்டத்துக்கு ஏறி இறங்குற பழைய சுசுகி ஜீப்புங்கள எட்டிப் பாத்தீங்கன்னா நெறைய காடியில மீட்டர் முள்ளு பூஜ்யத்துலயே படுத்துக் கெடக்கும், கேட்டா தோட்டத்துக்குள்ள ஸ்பீடு எதுக்கு பாஸ்னு சொல்லுவாங்க. தோட்டத்துக்குள்ள சரிதான். அதே காடிய எடுத்துக்கிட்டு பினாங்கு பாலத்துல ஏறுனா அங்க லிமிட் 80, எஞ்சின் சத்தத்த வச்சு குத்துமதிப்பா ஓட்டுறது ரொம்ப நாளைக்கு ஓடாது.

இதுக்கு எல்லாரும் மொதல்ல பண்றது ஹாஃப்கட் கடைக்கு (வெட்டுன பழைய காடி சாமான் விக்கிற கடை) போயி மீட்டர் செட்டு தேடுறது. அது கடைசியா பண்ண வேண்டிய வேலைங்க. சங்கதி மூணே எடத்துலதான் இருக்கு: டிரான்ஸ்ஃபர் கேஸ்ல, அதாவது முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பவர பிரிச்சு விடுற பெட்டியில (சில காடியில கியர்பாக்ஸ்ல) ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம், அதுலேர்ந்து மேல வர்ற கேபிள், கடைசியா மீட்டர் தலை, அதாவது முள்ளும் நம்பரும் இருக்குற டப்பா. எது செத்துருக்குன்னு கண்டுபுடிக்க ஒரு வெள்ளி கூட செலவாகாது. நான் சொல்றது கேபிள்ல ஓடுற காடிக்கு, சுசுகி எஸ்ஜே410, எஸ்ஜே413, பழைய லேண்ட் குரூசர், லேண்ட் ரோவர் இந்த மாதிரி. சென்சர் வச்ச காடின்னா ஃபியூசு, சென்சர் பிளக்குல பச்சை புடிச்சிருக்கா, வயர் சேத்துல அறுந்துருக்கா, இத மட்டும் மொதல்ல பாருங்க, மத்தது வயர்மேன் வேலை.

ஸ்பேனர தொடுறதுக்கு முன்னாடி முள்ளையும் மைலேஜ் நம்பரையும் (காடி மொத்தம் ஓடுன கிலோமீட்டர்) சேத்துப் பாருங்க, பாதி பதில் அங்கயே கெடச்சிரும். ரெண்டுமே ஓடலன்னா கேபிள் இல்லாட்டி கீழ உள்ள பல்சக்கரம். மைலேஜ் ஓடுது முள்ளு மட்டும் ஏறலன்னா மீட்டர் தலைக்குள்ளதான் கோளாறு, முள்ளு நல்லா ஏறுது மைலேஜ் மட்டும் நின்னுருச்சுன்னாலும் தலைதான், உள்ள இருக்குற குட்டி பிளாஸ்டிக் கியர் ஒடஞ்சிருக்கும். முள்ளு 20, 30ல கிடுகிடுன்னு ஆடுதுன்னா, காலையில எடுக்கும்போது டேஷ்போர்டு உள்ளேர்ந்து கீச்சு கீச்சுன்னு கத்துதுன்னா, கேபிள் காஞ்சிருச்சு இல்ல எங்கயோ மடங்கிருச்சு. முள்ளு திடீர்னு கடைசி வரைக்கும் போயி ஒட்டிக்கிட்டா மட்டும் கேபிள கழட்டி வச்சிட்டு ஓட்டுங்க, தலைக்குள்ள சுத்துற தண்டு இறுகுதுன்னு அர்த்தம், விட்டா கேபிளையும் சேத்து முறுக்கி அறுத்துரும்.

இப்ப டெஸ்ட். பேட்டரி நெகட்டிவ கழட்டிருங்க, மீட்டர் பின்னாடி கைய விட்டு கேபிள உருவுங்க, சிலதுல திருகுற மூடி, சிலதுல அமுக்குற கிளிப்பு, பலமா இழுக்காதீங்க. அப்புறம் டூவீல் டிரைவ்ல போட்டு, கியர நியூட்ரல்ல விட்டு, பின் வீல் ஒண்ண தூக்குங்க. இங்கதான் கவனம். ஒரு பின் வீல் மேல இருந்தாலே டிஃபரன்ஷியல் (ரெண்டு பின் வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) வழியா காடி உருளலாம், அதுவும் பழைய லேண்ட் ரோவர்ல ஹேண்ட்பிரேக்கு வீல்ல இல்ல, டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் பின்னாடி ஷாஃப்ட்டதான் புடிக்குது, ஒரு வீல் தூக்குனா அது போட்டிருந்தாலும் காடி நிக்காது. அதனால சமமான தரையில, முன் வீல் ரெண்டுக்கும் முன்னாடியும் பின்னாடியும் கட்டை வச்சு, ஸ்டான்ட் போட்டு, அப்புறமா ஹேண்ட்பிரேக்க விடுங்க. எஞ்சின் ஸ்டார்ட் பண்ற வேலையே வேணாம். நீங்க வீல கையால சுத்துங்க, தம்பி யாரையாச்சும் மேல கேபிள் முனைய பாக்கச் சொல்லுங்க. கேபிளுக்குள்ள இருக்குற நடுக்கம்பி சுத்துச்சுன்னா கேபிளும் கீழ உள்ள சக்கரமும் உயிரோட இருக்கு, எந்தப் பக்கமா சுத்துதுன்னும் பாத்து வச்சுக்கச் சொல்லுங்க, பின்னாடி தேவப்படும்.

சுத்தலன்னா நடுக்கம்பிய மேலேர்ந்து உருவுங்க. பாதி துண்டுதான் கையில வருதா, அப்ப அறுந்ததே அதான். முழுசா வந்தா ரெண்டு முனையிலயும் சதுரம் சதுரமா இருக்கா இல்ல தேஞ்சு உருண்டையாயிருச்சான்னு பாருங்க, அப்புறம் சிமெண்டு தரையில போட்டு உள்ளங்கையால உருட்டுங்க. எங்கயாவது துள்ளுச்சுன்னா அந்த எடத்துல மடிப்பு இருக்கு, எவ்ளோ கிரீஸ் போட்டாலும் முள்ளு ஆடத்தான் செய்யும், புதுசு வாங்கிருங்க. வெளி உறையையும் விடாதீங்க, எக்ஸாஸ்ட் பைப்புல பட்டு உருகிருக்கும், இல்ல ஏதாவது ரிப்பேருக்கு இறக்குனப்போ மெக்கானிக் இறுக்கமா வளச்சு கட்டிருப்பாரு.

கம்பி நல்லா இருந்தா மண்ணெண்ணெயில கழுவி, தொடச்சு, காய வச்சு, மெல்லிசா கிரீஸ் தடவுங்க, ஆனா மேல உள்ள ஒரு சாண் அளவுக்கு தடவாதீங்க. கம்பி திருகு மாதிரி சுத்தி சுத்தி கட்டியிருக்கிறதால அது சுத்தும்போது கிரீஸ மேல ஏத்திக்கிட்டே போகும், அது மீட்டர் தலைக்குள்ள போச்சுன்னா முள்ளு கண்டபடி காட்டும். அதே மாதிரி உறைக்குள்ள கியர் ஆயில் வடிஞ்சா கீழ பல்சக்கரத்துல உள்ள ஆயில் சீல் போச்சு, சீல மாத்தாம கேபிள மட்டும் மாத்துறது வேஸ்ட்டு.

கம்பி நல்லா இருந்தும் சுத்தலன்னா அடுத்து பல்சக்கரந்தான். அத கழட்டுறது பெரும்பாலும் ஒரே போல்ட்டுதான், சேறு அப்பியிருக்கும், மொதல்ல சுத்தமா கழுவிட்டு, பல்சக்கரத்தோட உறை எந்த பொசிஷன்ல உக்காந்துருந்துச்சோ அங்க ஒரு கோடு போட்டுட்டு உருவுங்க. பல்லு ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தாலும் மாத்தணும். கடைக்கு போகும்போது பழசையே கையோட கொண்டு போங்க, ஏன்னா பல்லு எண்ணிக்கை ஒண்ணு மாறுனாலும் ஸ்பீடு தப்பா காட்டும்.

கேபிள் சுத்துது ஆனா முள்ளு ஏறல, இப்பதான் தலை. உள்ள ஒரு காந்தம் சுத்துது, அது ஒரு அலுமினிய கிண்ணத்த தொடாமலே இழுக்குது, ஒரு மெல்லிய ஸ்ப்ரிங்கு எதிர்ப்பக்கம் புடிக்குது, அவ்ளோதான் மெஷினு. 1902ல ஸ்ட்ராஸ்பர்க்கு ஊர்க்காரர் ஓட்டோ ஷுல்ஸ பேட்டன்ட் வாங்குன அதே ஐடியாதான் எஸ்ஜே வரைக்கும் வந்துருக்கு, நெனச்சா ஆச்சரியமா இருக்கு. டெஸ்ட் பண்ண பழைய நடுக்கம்பியில ஒரு துண்டு வெட்டி ட்ரில்ல மாட்டி, கேபிள் சுத்துன அதே பக்கமா மெதுவா சுத்துங்க. ஜப்பான் மீட்டருங்க பெரும்பாலும் நிமிஷத்துக்கு 637 சுத்துக்கு 60 காட்டுற கணக்கு. முள்ளு சீரா ஏறி சீரா இறங்குச்சுன்னா தலை ஓகே, அசையலன்னா மீட்டர் ரிப்பேர் பண்றவங்ககிட்ட குடுங்க, அந்த ஸ்ப்ரிங்க மட்டும் நீங்களா நோண்டாதீங்க. ஹாஃப்கட் தலை போட்டீங்கன்னா பழைய மைலேஜ எழுதி வச்சுக்குங்க, காடிய விக்கும்போது வாங்குறவங்களுக்கு காட்டணும்.

எல்லாம் மாட்டுனப்புறம் ஹைவேயில கிலோமீட்டர் பலகைய வச்சு பாருங்க, மீட்டர் 60லயே நின்னா ஒரு கிலோமீட்டர் போக சரியா ஒரு நிமிஷம் ஆகணும். ஃபோன்ல ஜிபிஎஸ் இருந்தா அது இன்னும் சுலபம். புது காடியில கம்பெனி மீட்டர் பொதுவா நெசத்த விட கொஞ்சம் கூடத்தான் காட்டும், ஆனா நம்மாளுங்க டயர மாத்திடுறாங்களே. 205/70 ஆர்15 இருந்த எடத்துல 235/75 ஆர்15 போட்டா டயர் உயரம் 668 மில்லிமீட்டர்லேர்ந்து ஏறக்குறைய 734க்கு போயிருது, கிட்டத்தட்ட பத்து பர்சன்ட், கணக்குப்படி மீட்டர் 80 காட்டும்போது காடி 88ல போகுது. மைலேஜும் கம்மியாதான் ஏறும், ஆயில் மாத்துற கணக்கும் அதுக்கேத்த மாதிரி தள்ளிப் போயிரும். பல்லு கொறஞ்ச சக்கரம் போட்டா கேபிள் வேகமா சுத்தி இது சரியாகும், கெடைக்கலன்னா மீட்டர் கண்ணாடியில 73 வர்ற எடத்துல ஒரு சின்ன செவப்பு ஸ்டிக்கர் ஒட்டிருங்க, பாலத்துல முள்ளு அத தாண்டாம பாத்துக்குங்க.